கடல் தந்த கல்லும் மனித வளர்ச்சியும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியர். மரமும் மாவும் புள்ளும் பறையும் தொழிலும் அவற்றின்மேல் தோன்றும் கருப்பொருள்களாயின. மனித வாழ்வை நிலத்தினின்று பிரித்து எண்ணாத இவ்வகைப்பாட்டை வகுப்பறையில் பயிலும் நாம், நிலமும் பொழுதும் ஒன்றாய்க் கட்டுண்டு கிடப்பதைக் கண்ணாரக் காண விரும்பினால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்ணைக் கண்டால் போதும். இங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளின் பொழுது நிலமாகவே உறைந்துள்ளது. அந்நிலத்தை மனித வளர்ச்சி எவ்வாறு மாற்றி வருகிறது என்பதையும், அதனைக் காக்க எடுக்கப்பெறும் முயற்சிகளையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

கடலாக இருந்த காடு

பச்சைமலையின் அடிவாரம் தொடங்கிக் கொள்ளிடக் கரையை நோக்கிச் சரியும் இவ்வானம் பார்த்த பூமி ஒரு காலத்தில் கடலின் அடியில் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இவ்வுண்மையை நிலவியலார் அறிந்தனர். 1862-இல் பிளான்போர்டு என்பார் இப்பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். ஸ்டோலிக்ஸ்கா என்னும் அறிஞர் இங்குக் கிடைத்த சிப்பிகளையும் நத்தையினங்களையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார். நம்மூர்ச் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் வழங்குவது நமக்குப் பெருமையே. எனினும் அவ்வூர்களில் வாழ்வோர் பலர் இதனை அறியார் என்பதை வருத்தத்துடன் குறிக்க வேண்டியுள்ளது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் நிலவியல் அறிஞர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தார். பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அம்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது என்று கணித்துள்ளனர். கரையில் நின்ற மரம் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்து, அணு அணுவாய்க் கல்லாயிற்று. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலோ கடற்சிப்பிகளே பாறையாகி அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் உள்ளிட்ட உயிரினங்கள் பெருமளவில் அழிந்த காலத்தை ஒட்டிய படிவுகளும் இம்மண்ணில் உள்ளன.

சிப்பி சிமெண்டாகும் கதை

கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டியவர் நம் முன்னோர். இன்றைய சிமெண்டுத் தொழிலும் அடிப்படையில் அதுவேயாம். சுடப்படும் கிளிஞ்சல் ஏழு கோடி ஆண்டுப் பழமையானது என்பதும், சூளை மலைபோல் வளர்ந்துவிட்டது என்பதுமே வேறுபாடு. 1939-இல் டால்மியாபுரத்தில் ஆலை எழுந்தது. 1979-இல் தமிழ்நாடு அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் தொடங்கப்பெற்றது. பின்னர்த் தனியார் ஆலைகள் பல பெருகின. மழையை மட்டுமே நம்பியிருந்த வறண்ட பகுதிக்கு இவை வேலையும் சாலையும் கடைத்தெருவும் தந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. நாம் இக்கட்டுரையை எழுத அமர்ந்திருக்கும் கூரையும் சிமெண்டால் ஆனதே.

ஆயினும் இதற்குக் கொடுக்கும் விலை என்ன? சுண்ணாம்புக்கல்லைச் சுடுங்கால் அதன் எடையில் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இஃது எரிபொருளின் புகையன்று. கல்லுக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்த வாயு. தொல்கடலின் சிற்றுயிர்கள் தம் ஓடுகளில் சேர்த்துவைத்த கரியை நாம் சில மணி நேரத்தில் வானில் விடுகிறோம். சூளையை 1,450 பாகை அளவிற்குச் சூடேற்ற எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேலாகும். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்டுத் தொழிலினுடையது என்பர்.

இவ்வாயு கண்ணுக்குத் தெரியாதது. ஊர்மக்கள் நாள்தோறும் காண்பது புழுதியே. வெடிவைத்துக் கல்லெடுக்கும் இடத்திலும், லாரிகள் ஓடும் சாலையிலும் எழும் தூசு பயிரின் இலைமேல் படிந்து இலைத்துளைகளை அடைக்கிறது. சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும்போது ஊறும் நீரை இறைத்தே ஆக வேண்டும். அவ்வாறு இறைத்தால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் தாழக்கூடும். கல் தீர்ந்தபின் எஞ்சுவது பெருங்குழி. மேல்மண்ணைத் தனியே காத்துவைத்து மீண்டும் பரப்ப வேண்டும் என்பது விதி. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதை அறிந்தோர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

காக்கும் முயற்சிகள்

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், போபால் துயரத்திற்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பெருஞ்சுரங்கத்திற்கு இசைவு தருமுன் மக்கள் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்பது 1997 முதல் நடைமுறை. அக்கூட்டத்தில் வைக்கப்படும் அறிக்கை கலைச்சொற்கள் நிறைந்தது. அதனை உழவர் படித்துணரும் எளிய தமிழில் ஆக்கித் தருவது தமிழ் பயின்றோர் செய்யத்தக்க பணி என்பது எம் கருத்து.

ஆலைகள் மரம் நட்டுப் பசுமை வளையம் அமைக்கின்றன. பழைய குழிகளில் மழைநீரைத் தேக்குகின்றன. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் வேலியில்லாத ஆழ்குழி நீர்நிலையாகாது, அஃது ஆபத்தே. மேலும், மரத்தை மீண்டும் நடலாம், தொல்லுயிர்ப் படிவை மீண்டும் நட இயலாது. எனவே சிறந்த படிவுகள் சிலவற்றையேனும் சுரங்க எல்லையினின்று விலக்கி வைத்தல் முதற்கடமை. சாத்தனூர்க் கல்மரம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. சுரங்கம் தோண்டியதால் வெளிப்பட்ட படிவங்கள் பல என்பதும் உண்மையே. அழிக்கும் கையே காட்டித்தரும் கையாகவும் அமைந்த விந்தை இது!

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி மற்றொரு நற்சான்று. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிறையும் இவ்வேரி, ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புடையது; 1999-இல் பறவைகள் காப்பிடமாயிற்று; 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நடு ஆசிய மேட்டுநிலத்தில் பிறந்த வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து இங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உழவர்க்குப் பாசனம் தரும் அதே நீர்தான் பறவைக்கும் உறைவிடம். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து மழையோடு ஏரியை அடையுமாயின் இருவர்க்கும் கேடாம்.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி பரவ, மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு என்னும் தொல்கடல் உயிரியைச் சுற்றிப் படிந்து இறுகிய கற்கள் என்று நிலவியலார் விளக்கினர். முட்டை இல்லையென்று அறிந்து ஏமாந்தோர் உண்டு. ஆனால் அம்மக்கள் அன்று கண்டது, தம் வயலுக்கும் குளத்துக்கும் கீழே அலையடித்துக் கிடந்த கடலின் ஒரு துளியை.