அமினோ அமிலப் பொடியும் தேக வலிமையும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தே வைகறையில் ஓடிப் பயிலும் இளைஞர் பலர் உளர். அவருட் சிலர் உணவுச் செலவைச் சுருக்கி, அப்பணங்கொண்டு அமினோ அமிலப் பொடிகளை வாங்கி உண்கின்றனர். தமிழ் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், காலையுணவைத் துறந்து பொடி வாங்கும் தோழனொருவன் எம் விடுதியிலும் உளன். அவன் பொருட்டே இதனை எழுதலுற்றோம்.

நாம் உண்ணும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகின்றது. உடற்புரதங்களை ஆக்குவன 20 வகை. அவற்றுள் 9 வகையை உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவினின்றே பெறல் வேண்டும். அவ்வொன்பதனுள் லியூசின் என்பது தசை வளர்ச்சியைத் தூண்டுவது. ஆதலின் லியூசின், ஐசோலியூசின், வேலின் என்னும் மூன்றையும் கலந்து பொடியாக விற்கின்றனர்.

தூண்டுதல் மட்டும் போதுமோ? 2019 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூட்டினை நோக்குக. தொழிலாளியிடம் லீவர்கள் நூறு குவிந்திருப்பினும், கூடும் சாவியும் இல்லையேல் ஒரு பூட்டேனும் முற்றுப்பெறாது. அவ்வாறே ஏனைய ஆறும் குறையின், அம்மூன்றால் மட்டும் தசை வளராது. மிகுந்தவற்றை உடல் அவ்வாறே சேமித்து வைப்பதுமில்லை. அவற்றின் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதனைக் கழிக்கின்றது. எஞ்சியது எரிபொருளாகவோ கொழுப்பாகவோ ஆகின்றது.

பொடியனைத்தும் பயனற்றவை என்று யாம் கூறேம். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1927 இல் அமெரிக்காவில் பிஸ்கே என்பாருடன் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினைக் கண்டு வெளியிட்டார். அமினோ அமிலங்கள் மூன்றினின்று உடல் ஆக்கும் கிரியாட்டின், பளு தூக்கல் போன்ற குறுகிய கடுமுயற்சிக்கு உதவுமென்பது தெளிந்த உண்மை. நெடுந்தூர ஓட்டத்திற்கோ அதன் உதவி சிறிதே.

இனி, நம் தட்டினை நோக்குவோம். திண்டுக்கல்லைச் சூழ்ந்த புன்செய் நிலங்களில் விளையும் சோளத்தில் லைசின் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளிற் குறைந்த மெத்தியோனினைத் தானியம் நிரப்பும். ஆகவே சோளச்சோறும் பயற்றங்குழம்பும் ஒன்றன் குறையை ஒன்று தீர்க்கின்றன. முட்டையிலோ ஒன்பதும் நிறைந்துள.

ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டுமென வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுடையார்க்கு இஃது ஏறக்குறைய 50 கிராம். அந்நிறுவனமே 2024 இல் வெளியிட்ட நெறிமுறைகளில், தசை பெருக்கப் புரதப் பொடிகளை நாடுதல் வேண்டாவென அறிவுறுத்தியது.

ஆதலின் தோழ, துறந்த காலையுணவை மீண்டும் உண்பாயாக. பொடியைப் பற்றிப் பின்னர் எண்ணுவோம்.