பிரிக்க முடியாத வேலை

கேள்வி: கட்டிடக்கலை, சிவில் மாணவர்களுக்குக் குழுவாகச் செய்ய வேலை கொடுத்தால், ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு கடைசி நாளில் ஒன்றாகத் தைத்துத் தருகிறார்கள். சேர்ந்து வேலை செய்ய எப்படிப் பழக்குவது?
— ஒரு விரிவுரையாளர், திருச்சி

பதில்: பிரித்துச் செய்யவே முடியாத வேலையைக் கொடுங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1967-இல் கட்டிடக்கலைஞர் சார்லஸ் மூர் அதைத்தான் செய்தார். முதலாண்டு மாணவர்கள் கென்டக்கி மாநிலத்துக் கிராமம் ஒன்றில் சமூகக் கூடம் ஒன்றைத் தாங்களே வரைந்து, தாங்களே கட்டினார்கள். அந்தப் பயிற்சி இன்றும் தொடர்கிறது. 1993-இல் அலபாமாவில் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கிய ரூரல் ஸ்டுடியோவும் இதே வழிதான்; அங்கே மாணவர்கள் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டுகிறார்கள்.

பிறரோடு பேசிச் செய்யும்போதே புரிதல் வளர்கிறது என்றார் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அப்படிப் பேச வேண்டிய இடங்கள் வேலையிலேயே வரும்: வரைபடத்தில் ஒருவர் போட்ட கழிவுநீர்க் குழாய் இன்னொருவர் வைத்த பீமைத் துளைத்துக்கொண்டு போகும். நீங்கள் திருத்திக் கொடுத்தால் பாடம் அங்கேயே போய்விடும். இருவரையும் உட்கார வைத்து, குழாயை நகர்த்தினால் என்ன ஆகும், பீமின் ஆழத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். விடை அவர்களிடமிருந்தே வரட்டும். அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரையும் கூட்டி வாருங்கள். அவர் கேட்கும் கேள்விகள் நம் பாடநூலில் இல்லை. மதிப்பெண்ணில் பாதியை, முடிவுகளை எப்படி எடுத்தார்கள் என்பதற்கே ஒதுக்குங்கள்.

வீடுதான் கட்ட வேண்டும் என்பதில்லை. அடுத்த பருவத்தில் கல்லூரிக்கு ஒரு சைக்கிள் கொட்டகையிலிருந்து தொடங்குங்கள்.