நாற்பது நாள் கொடுங்கள்: மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்



இம்மாத மகளிர் நலப் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம், பெண்கள் தமக்குள்ளேகூட வாய்விட்டுப் பேசாத ஒன்று. பேசாததால் ஒரு சகோதரி பட்ட சிரமம்தான் எங்களை எழுத வைத்தது. அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம்.

அவர் ஏரியூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். தையல் வேலை, மூன்று பிள்ளைகள். மார்பகத்தின் கனம் தாங்காமல் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கழுத்துவலி, தோள்வலி. உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளமாகவே பதிந்துவிட்டது. கோடை வந்தால் மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி அரிப்பும் புண்ணும். தைலம் தடவினார், மாத்திரை விழுங்கினார், யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டரின் ஆலோசனைப்படி வெளியூரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அது நல்லபடியாக முடிந்து நான்காம் நாள் வீடு திரும்பினார். பதினோராம் நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அவரே தண்ணீர்க் குடம் தூக்கினார், களி கிண்டினார். அன்றிரவு மார்பின் கீழ்ப்பக்கத் தையல் பிரிந்துவிட்டது. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

டாக்டர் செய்ததில் குறையில்லை. குறை வீட்டில் நடந்தது. அதில் எங்களுக்கும் பங்குண்டு. போக்குவரத்துச் செலவுக்குப் பணம் கொடுத்தோமே தவிர, "திரும்பி வந்த பிறகு யார் சமைப்பார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

இது அழகுக்கா, நோய்க்கா?

மார்பகம் அளவுக்கு மீறிக் கனத்தால் முதுகெலும்பு முன்பக்கமாக இழுக்கப்படுகிறது. கழுத்து, தோள், மேல்முதுகுத் தசைகள் நாள் முழுவதும் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. சிலருக்குக் கைவிரல்கள் மரத்துப்போகும். அடிமடிப்பில் பூஞ்சைப் புண் வந்து வந்து போகும். அறுவைச் சிகிச்சையில் கொழுப்பு, சுரப்பித் திசு, கூடுதல் தோல் ஆகியவற்றை எடுத்து, முலைக்காம்பைச் சற்று மேலே நகர்த்திப் பொருத்துவார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் எடுக்கப்படுவதும் உண்டு. பாரம் குறைந்ததும் பெரும்பாலோருக்கு வலியும் குறைகிறது.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கென ஒரு பிரிவு தொடங்கி, சிகிச்சை இலவசம் என்று அறிவித்தபோது பெரிய விவாதம் எழுந்தது. வசதியுள்ளவர்களுக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்ற பொருளில் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் பேசினார். உயிர்காக்கும் சிகிச்சைக்கே அரசுப் பணம் முதலில் போக வேண்டும் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பிரிவை அழகு சிகிச்சை என்றே பலர் பேசினார்கள். ஆனால் அங்கே வருபவர்களில் முதுகுவலி, தோள்வலி தாங்காமல் வரும் பெண்களும் உண்டு என்பதை டாக்டர்கள் அப்போதே எடுத்துச் சொன்னார்கள். தோளில் பள்ளம் விழுந்த பெண்ணுக்கு இது ஆடம்பரம் அல்ல.

நம் சமுதாயத்தில் "அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" என்ற கேள்வியும் எழும். அழகை மட்டும் நாடிச் செய்வது வேறு, உடலுக்கு வரும் கெடுதியை நீக்கச் செய்வது வேறு என்று மார்க்க அறிஞர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நோய்க்கு மருந்து தேடுவது நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸின் குர்துபா நகரத்து அருகில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் ஆண்களுக்கு மார்பு பெருத்துவிட்டால் அதை அறுத்துச் சரிசெய்யும் முறையை எழுதியிருக்கிறார். ஆகவே இது நேற்று வந்த நாகரிகம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

முதலில் வலியின் காரணத்தைக் கண்டறியுங்கள்

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, முதுகை வளைக்க முடியாத வலி வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இது முக்கியக் காரணம். எனவே முதுகுவலி எல்லாம் மார்பின் கனத்தால் வந்தது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. தேய்மானமா, ஃபுளோரைடா, சத்துக் குறைவா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். அங்கிருந்து சேலத்துக்கோ சென்னைக்கோ பரிந்துரைச் சீட்டு பெறலாம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்வது என்று பதிவானால் காப்பீடு கிடைப்பது கடினம். ஆகவே எத்தனை ஆண்டு வலி, என்னென்ன மருந்து எடுத்தீர்கள், எத்தனை முறை புண் வந்தது என்பவற்றை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை, தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

யார் சற்றுப் பொறுக்க வேண்டும்?

பால் கொடுப்பவர்கள், நிறுத்திக் குறைந்தது ஆறு மாதமாவது கழிய வேண்டும். இனி பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சைக்குப் பின் பால் சுரப்பு குறையலாம், சிலருக்குப் பால் கொடுக்கவே முடியாமல் போகலாம். பேறுகாலத்தில் மார்பகம் மறுபடி மாறவும் செய்யும். உடல் எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அதை நிலைப்படுத்திவிட்டுச் செய்வதே நல்லது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறத் தாமதமாகும், கிருமி தொற்றும்.

சம்மதம் யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சட்டப்படி தேவையானது. கணவர், மாமியாரோடு கலந்து பேசுவது நல்லதே. ஆனால் படிவத்தைப் படித்துக் கேட்டுப் புரிந்து கையெழுத்திட வேண்டியவர் அவர்தான்.

தயாராகும் வாரங்கள்

இரத்தப் பரிசோதனையில் இரத்தச்சோகை தெரிந்தால் அதைச் சரிசெய்த பிறகே தேதி குறிப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, முட்டை, மீன் சாப்பிடுங்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். எடுத்த திசுவையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கருத்தடை மாத்திரை மட்டுமல்ல, கருஞ்சீரகம், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்கக் கூடாது. சில இரத்தக்கசிவைக் கூட்டும், சில சர்க்கரையை இறக்கும். எதை, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். அது தோலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, தையல் ஒட்டாமல் செய்துவிடும்.

கூச்சம் காரணமாகச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். பெண் டாக்டரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால், பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடன் இருக்கக் கேட்பது உங்கள் உரிமை. அவசியத்தின் அளவுக்கு ஆண் டாக்டரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

புறப்படும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை: முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டியும் புர்காவும் எடுத்து வையுங்கள். தலைவழியாக மாட்டுவதைப் பல வாரம் உடுத்த முடியாது. டாக்டர் சொன்ன அளவில், முன்பக்கம் திறக்கும் தாங்கு உள்ளாடை இரண்டு வாங்குங்கள். அன்றாடம் எடுக்கும் பாத்திரம், டப்பா எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.

அறுவைச் சிகிச்சை நாளும் அடுத்த சில நாள்களும்

திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். அறுவைச் சிகிச்சை பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். விழித்தால் மார்பில் கட்டு, சிலருக்குப் பக்கத்தில் மெல்லிய வடிகுழாய் இருக்கும். அது உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றவே வைக்கப்படுகிறது, பயப்பட வேண்டாம். அன்றோ மறுநாளோ எழுந்து மெல்ல நடக்கச் சொல்வார்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்க அந்த நடை அவசியம்.

ஊர் திரும்பும்போது குலுங்கும் பேருந்தில் நின்றுகொண்டு வராதீர்கள். இயன்றால் காரில், மார்புக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே சிறு தலையணை வைத்து வாருங்கள். வெகுதூரம் என்றால் வழியில் இறங்கிச் சற்று நடங்கள்.

அந்த நாற்பது நாள்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாற்பது நாள் ஓய்வு கொடுக்க நம் வீடுகளுக்குத் தெரியும். பத்தியம் பார்ப்போம், தண்ணீர் தூக்க விடமாட்டோம். இந்தச் சிகிச்சைக்கு டாக்டர்கள் சொல்லும் நான்கு முதல் ஆறு வாரமும் ஏறக்குறைய அதே நாற்பது நாள்தான். கையில் குழந்தை இல்லை என்பதற்காக ஓய்வும் இல்லை என்றாகிவிடக் கூடாது.

முதல் வாரம்: மல்லாந்து, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும். தாங்கு உள்ளாடை இரவும் பகலும் இருக்க வேண்டும். தலைவாரவும் துணி மாற்றவும் யாராவது உதவ வேண்டும். வலி மாத்திரையை நேரத்துக்கு எடுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுக்காமலிருந்தால் நெஞ்சில் சளி கட்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: காய் நறுக்குவது, உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பது போன்ற சிறு வேலை செய்யலாம். குடம், அரிசி மூட்டை, பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரே பதினைந்து கிலோவரை இருக்கும். களி கிண்டுவது, துணி அடித்துத் துவைப்பது, அடிகுழாய் அடிப்பது ஆகிய மூன்றும் மார்புத் தசையை நேராக இழுப்பவை. டாக்டர் அனுமதிக்கும்வரை இவற்றை வேறொருவர் செய்ய வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரம்: டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு தையல் இயந்திரம், இருசக்கர வாகனம், வயல் வேலை என ஒவ்வொன்றாகத் தொடங்கலாம். புண்ணின் மேல் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் பூச வேண்டாம். தழும்பு முதலில் சிவந்து தடித்திருக்கும், ஓராண்டுக்கு மேல் போகப் போக மங்கும், முற்றிலும் மறையாது. முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுப்பவர் பின்னால் ஏமாற்றம் அடையமாட்டார்.

இவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுவது, கட்டு இரத்தத்தில் நனைவது, முலைக்காம்பு கருத்துப்போவது, காய்ச்சல், சீழ், துர்நாற்றம், தையல் பிரிவது – இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வலித்து வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். சாதாரணச் சந்தேகங்களுக்கு 104 எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

தொழுகையும் நோன்பும்

கட்டு நனையக் கூடாது என்பதால் ஒளுவுக்கும் குளிப்புக்கும் அதன்மேல் மஸஹ் செய்யும் சலுகை இருக்கிறது. உங்கள் மத்ஹபின்படி விவரத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். குனிந்து ஸுஜூது செய்தால் தையல் இழுபடும். நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழலாம். நோன்பு மாதம் குறுக்கிட்டால் விட்டுவிட்டு, குணமானபின் களாச் செய்யலாம். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

ஆண்களுக்கும் ஜமாஅத்துக்கும்

அந்தச் சகோதரியிடம் சென்ற வாரம் பேசினோம். புண் ஆறிவிட்டது. "தோள்ல பாரமே இல்லை. இப்பதான் நிமிர்ந்து உக்காந்து தைக்கிறேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு யாராவது ஒரு குடம் தண்ணி எடுத்து வச்சிருந்தா போதும்" என்றார். அந்த இரண்டாவது சொல்தான் எங்களைத் தைத்தது.

இனி எங்கள் அறக்கட்டளையில் எந்த அறுவைச் சிகிச்சைக்கு உதவி கேட்டு வந்தாலும், பணத்தோடு ஒரு பட்டியலும் எழுதப்போகிறோம்: யார் சமைப்பார், யார் தண்ணீர் எடுப்பார், யார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார், கட்டு மாற்ற யார் உடன் போவார். நாற்பது நாளுக்கும் பெயர்கள் நிரம்ப வேண்டும். அந்தப் பட்டியலில் கணவரின் பெயரும் மகனின் பெயரும் முதலில் இருக்கட்டும். அக்கம்பக்கத்துச் சகோதரிகள் ஆளுக்கொரு வேளைச் சாப்பாடு ஏற்றாலே பாதிப் பட்டியல் நிரம்பிவிடும்.

வலியை மறைத்து வாழும் சகோதரிகள் இதைப் படித்துவிட்டு ஒருவரிடமாவது வாய் திறந்து சொன்னால் இந்தப் பாடம் பலன் தந்ததாகக் கொள்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குத் தோள் கொடுக்கும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.