கடலா, தொழிற்சாலையா: கொரியாவுக்குப் படிக்கும் வன்னிப் பெடியளுக்கு

கொரியன் வகுப்புக்குக் காசு கட்டப் போகிற தம்பிமார், முதல் நாளே படிப்பிக்கிறவரிடம் கேட்க வேண்டியது இது: "சேர், என்னை எந்தத் துறைக்குப் பதியப் போறீங்கள்?" "அதைப் பிறகு பாப்பம், முதல்ல எழுத்தைப் பழகு" என்று மறுமொழி வந்தால் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள். கோபத்தில்தான் சொல்கிறேன். அந்தக் கோபத்துக்குப் பின்னால் கொரியாவின் வண்டோ தீவில் போன என்னுடைய இருபதுகள் இருக்கின்றன.

கொரியா வேலைத் திட்டம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். 2004 இல் தொடங்கியது, அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம். எங்கள் பக்கம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அவர்கள் பக்கம் கொரிய மனிதவள நிறுவனம். வயது 18 இலிருந்து 39 வரை. ஈ-9 விசா மூன்று வருடம், முதலாளி கேட்டால் இன்னும் 1 வருடம் 10 மாதம். நான் எழுதியபோது வாசிப்பில் 25 கேள்வி, கேட்டலில் 25. இப்போது 20, 20, கணினியில் எழுதுகிறார்கள். மொத்தம் 200 புள்ளி என்பது மாறவில்லை. குறைந்தபட்சப் புள்ளி எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மேலிருந்து கீழே எண்ணி, தேவையான ஆட்கள் சேர்ந்தவுடன் கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோடு துறைக்குத் துறை வேறு. என்னை விற்றது அந்த வித்தியாசம்தான்.

எங்கள் ஊர் விசுவமடு. அப்பா நெல்லும் கச்சானும் போட்டவர். முல்லைத்தீவுக் கடலை நான் கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் பார்த்ததோடு சரி. வள்ளத்தில் கால் வைத்ததில்லை. இதெல்லாம் வகுப்பு நடத்தியவருக்குத் தெரியும். பதிவு நெருங்கியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, தயாரிப்புத் துறைக்குப் போட்டி கூட. மீன்பிடிக்குப் போடு. புள்ளி குறைய எடுத்தாலும் பேர் வரும். அங்க போய் இறங்கினாப் பிறகு பெக்டரிக்கு மாறலாம்."

மாற முடியாது. மீன்பிடிக்குப் பதிந்து போனவர் தொழிற்சாலைக்கு மாற அங்குள்ள விதி இடம் தராது. வேலையிடம் மாறுவதென்றாலே முதலாளியின் சம்மதம் வேண்டும், அல்லது சம்பளம் தராதது, அடித்தது போன்ற காரணத்தைத் தொழில் அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மாறவும் ஏலாது. விலகினால் மூன்று மாதத்துக்குள் புது இடம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இவ்வளவும் எழுத்தில் இருக்கிற விதிகள். பாடத்துக்குக் காசு வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. என்னைவிட மாதிரிப் பரீட்சையில் குறையப் புள்ளி எடுத்த வவுனியாப் பெடியன் தயாரிப்புத் துறைக்கு எழுதித் தேறினான். வகுப்பு நடத்தியவருக்கு வேண்டியிருந்தது பரீட்சை முடிந்ததும் சந்தியில் கட்டுகிற பானருக்கு ஒரு முகம். என் முகம் அதில் வெகு காலம் தொங்கியது. கீழே "கொரியா தெரிவு" என்று மட்டும் இருந்தது. எந்தத் துறை என்று போடவில்லை.

யாரிடமாவது விசாரித்திருக்கலாமே என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். 2016 இல் எங்கள் பக்கத்தில் கொரியா போய் வந்தவர் யார் இருந்தார்? கம்பஹாவிலும் குருநாகலிலும் வீட்டுக்கு ஒருவர் போய் வந்திருப்பார், மாமனோ மச்சானோ சொல்லிக் கொடுப்பார். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. "அது சிங்களப் பெடியளுக்குத்தான் கிடைக்கும், நீ காசைக் கரியாக்காதை" என்று சொல்லத்தான் சொந்தக்காரர் இருந்தார்கள். போர் முடிந்து முகாமால் வந்து, தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு ஏறுகிற நேரம். உழவு இயந்திரத்துக்கு எடுத்த லீசிங் கழுத்தில் நின்றது. உங்கள் வீட்டு நிலைமையும் இதுதான். அதனால்தான் கிடைத்த ஆளின் சொல்லைப் பிடிக்கிறோம்.

வண்டோ தென் ஜொல்லா மாகாணத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. அங்கே ஜொன்பொக் வளர்க்கிறார்கள். ஒற்றை ஓடுள்ள, கல்லில் ஒட்டி வாழ்கிற கடற்பிராணி அது. கொரியாவில் விலை கூடிய சாப்பாடு. கடலில் மிதக்கிற சட்டங்களுக்குக் கீழே வலைக்கூடு. கூட்டுக்குள் அது ஒட்டி வளர பிளாஸ்டிக் தட்டுகள். தீனி கடற்பாசி. தசிமா என்கிற அகலப் பாசியைப் படகில் மலையாக ஏற்றிக்கொண்டு போய்க் கூடு கூடாகப் போட வேண்டும். விற்பனைக்கு எடுக்கிற நாளில் படகின் கிரேன் கூட்டைத் தூக்கும். தட்டோடு ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். ஓடு உடைந்தால் விலை போகாது. சதையில் வெட்டு விழுந்தால் செத்துவிடும். தை மாதக் காற்றில் கையுறைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கிளப்பியதைச் சரியாகப் பிடித்தோமா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதிப்படுத்துவோம்.

குளிரைத் தாங்கலாம், கணக்கைத்தான் தாங்க முடியவில்லை. 2017 இல் அங்கே மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 6,470 வொன். கொரியனுக்கும் அதே, எங்களுக்கும் அதே. அதில் பாகுபாடு இல்லை. கிம்ஹேயில் இரும்பு அழுத்துகிற தொழிற்சாலையில் நின்ற அந்த வவுனியாப் பெடியனுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு, 9,705 வொன். எனக்கு அதே 6,470. முதலாளி களவெடுக்கவில்லை. அங்குள்ள தொழில் நியமச் சட்டத்தின் 63 ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது: விவசாயம், கால்நடை, மீன்பிடி, கடல் வளர்ப்பு ஆகியவற்றுக்கு வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகள் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை என்பதே அலையையும் விலையையும் பார்த்து முதலாளி தருவதுதான். தொழிற்சாலையிலும் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடமென்றால் அந்த ஒன்றரை மடங்கு இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் எத்தனை தொழிலாளர் என்று போட்டிருக்கிற இடத்தையும் பாருங்கள்.

கள்ளப்பாடு, செம்மலை, அலம்பில் பக்கத்துப் பெடியள் "எங்களுக்குக் கடல் பழக்கம்தானே அண்ணை" என்று சொல்வார்கள். அவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கடலில் உங்கள் கை என்னுடையதைவிடத் திறம். ஆனால் 63 ஆவது பிரிவு உங்கள் கையைப் பார்த்து மாறாது.

துறை சம்பளத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, நீங்கள் எந்தக் கொரியனைப் படிப்பீர்கள் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. பரீட்சைக்குப் படித்தது சோலில் செய்தி வாசிக்கிறவரின் கொரியன். வண்டோவில் கேட்டது ஜொல்லாப் பேச்சு. எங்கள் படகுக்காரர் எதற்கும் "கொசிகி" என்பார். கயிறும் கொசிகி, கத்தியும் கொசிகி, நேற்றுச் சொன்ன வேலையும் கொசிகி. அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்து எடுத்துக் கொடுக்கப் பழகினேன். நான்கு மாதம் போனபின்தான் முழு வசனமாக மறுமொழி சொல்ல வந்தது. என்னோடு நின்றவர்கள் கொரியர்களும் ஒரு வியட்நாமியரும் மட்டும் என்பதால், கதைக்காமல் இருக்க வழியில்லை. இன்றைக்கும் கொரியன் கதைப்பதில் தொழிற்சாலையில் நின்று வந்த பலருக்கு நான் குறைந்தவன் இல்லை. ஆனால் வாசிப்பிலும் இலக்கணத்திலும் அவர்கள் முந்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நீதி அமைச்சின் சமூக ஒருங்கிணைப்பு வகுப்புக்குப் போனார்கள். அந்த நேரம் அதற்குக் கட்டணமும் இல்லை. நான் கடலில் நின்றேன்.

அதன் விலை பின்னால்தான் தெரிந்தது. ஈ-9 இல் நான்கு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், மொழிச் சான்றும் வருமானமும் புள்ளிக்கணக்கில் போதுமாக இருந்தால், ஈ-7-4 என்கிற திறன் விசாவுக்கு மாறலாம். குடும்பத்தையும் கூப்பிடலாம். நான் திரும்பிய 2022 இல் கூட வருடத்துக்கு 2,000 பேர் என்ற அளவில்தான் கொடுத்தார்கள். 2023 இல் அதை 35,000 ஆக்கினார்கள். கிம்ஹேப் பெடியனிடம் சான்றிதழ் தயாராக இருந்தது. அவன் இப்போது மனைவி பிள்ளையோடு அங்கே இருக்கிறான். போய் இறங்கிய முதல் வருடத்திலேயே அந்த வகுப்பில் பதிந்துவிடுங்கள். "காசு உழைக்க வந்தனாங்கள், படிக்கவோ வந்தனாங்கள்?" என்று அறையில் யாராவது சொல்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், போய்ப் படியுங்கள்.

மொழியை எப்படிப் பழகுவது என்று கேட்டால், தமிழிலிருந்து நேரே போங்கள். ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தை வைத்து மாரடிக்காதீர்கள். "சோறு சாப்பிட்டுவிட்டுப் போ" என்பதைக் கொரியனில் அதே வரிசையில்தான் சொல்கிறார்கள். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். வா, வாங்கோ என்று ஆள் பார்த்துக் கதைக்கிற எங்களுக்கு அவர்களுடைய மரியாதை விகுதிகளும் புதிதில்லை. கஷ்டம் காதில்தான் இருக்கிறது. சந்திரனுக்கு, மகளுக்கு, முகமூடிக்கு அவர்கள் சொல்கிற மூன்று சொல்லும் எங்கள் காதில் "தல்" என்றே விழும். அறையும் பாணும் ஒரே சத்தமாகக் கேட்கும். கேட்டல் பகுதியில் எங்கள் ஆட்கள் புள்ளி விடுவது பெரும்பாலும் இங்கேதான். வகுப்பில் இதற்கு நேரம் கொடுக்க மாட்டார்கள், கேள்விக்கொத்தைப் பாடமாக்கச் சொல்வார்கள். நீங்கள் தினமும் கைபேசியில் கொரியன் ஒலிப்பதிவைப் போட்டு, கேட்டதை எழுதிப் பாருங்கள். எழுதினால்தான் காது எங்கே பிழைக்கிறது என்று பிடிபடும்.

சிங்களம் பற்றியும் சொல்ல வேண்டும். கொரியாவில் நீங்கள் இலங்கையர். இலங்கையருக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் சிங்களத்தில்தான் வருவார். 1345 என்கிற குடிவரவு உதவி இலக்கத்திலும் எனக்குக் கிடைத்தது சிங்களம்தான். தோளில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கதைத்தார். ஆனாலும் என் நோவை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, அது கொரியனாகப் போய் வைத்தியரிடம் சேர்ந்தபோது, தோள் முதுகாகிவிட்டது. படமும் முதுகுக்குத்தான் எடுத்தார்கள். அடுத்த தடவை நானே கொரியனில் சொன்னேன். உடம்பின் பாகங்கள், நோவின் வகைகள், வேலையில் எப்படி விபத்து நடந்தது என்று சொல்கிற வசனங்கள் ஆகியவற்றைப் பரீட்சைக்கு வராவிட்டாலும் இங்கிருந்தே பாடமாக்கிக்கொண்டு போங்கள். தொழில் விபத்துக் காப்புறுதிக்கு வைத்தியர் எழுதுகிற முதல் வரி முக்கியம்.

பத்திர வேலைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். 2009 போரில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுங்கள். அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பொலிஸ் சான்றிதழ், நிறக்குருடு, நெஞ்சுப் படம் எல்லாம் வரிசையில் நின்றால் முடியும். தேறியவுடன் வேலை வந்துவிட்டதென்று ஊருக்குச் சொல்லாதீர்கள். பெயர் பட்டியலுக்குப் போகும், அங்கிருந்து முதலாளி தெரிவு செய்ய வேண்டும், தெரிவு வராமலே காலாவதியாகிறவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்பில்தான் "பட்டியல்ல முன்னுக்குத் தள்ளி விடுறன்" என்று தரகர் வருவார். இந்தத் திட்டத்தில் தரகருக்கு இடமே இல்லை. சந்தேகம் வந்தால் பணியகத்தின் 1989 க்கு எடுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் தங்குமிடம் என்ற வரியில் விரலை வையுங்கள். 2017 வழிகாட்டலின்படி, சாப்பாடும் வீடும் தந்தால் சம்பளத்தில் 20 வீதம் வரை கழிக்கலாம், கொண்டெய்னர் மாதிரித் தற்காலிக இடமென்றால் 13 வீதம். எனக்குக் கொண்டெய்னர். பொச்சொனில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தங்கியிருந்த கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் 2020 டிசம்பர்க் குளிரில் இறந்த பிறகுதான், 2021 இலிருந்து கூடாரத்துக்குள் ஆட்களை வைக்கிற முதலாளிக்குப் புது அனுமதி மறுத்தார்கள்.

நான் 2022 இல் திரும்பினேன், எரிபொருளுக்கு வரிசை நின்ற காலம். ரூபாய் விழுந்ததால் நான் வொன்னில் வைத்திருந்த காசும், நாட்டை விட்ட பிறகு வந்த புறப்பாட்டுக் காப்புறுதியும் எதிர்பார்த்ததைவிடப் பெருகின. லீசிங் முடிந்தது, தங்கச்சியின் கல்யாணமும் முடிந்தது. கொரியா எனக்குத் தந்ததை நான் மறுக்கவில்லை.

ஒரே முதலாளியிடம் கடைசிவரை நின்றவர், அவர் விரும்பினால், திரும்பவும் 4 வருடம் 10 மாதத்துக்குப் போகலாம். முன்பு மூன்று மாதம் ஊரில் நிற்க வேண்டும், 2021 இலிருந்து ஒரு மாதம் போதும். என்னையும் முதலாளியான படகுக்காரர் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். வந்த சீதேவியைக் காலால் உதைத்தவன் என்று கோயிலடியில் கதைக்கிறார்கள். உதைத்தது அந்த வலைக்கூட்டை. அதே துறை, அதே 63 ஆவது பிரிவு, இன்னொரு ஐந்து வருடம். அதற்குள் எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிடும். இப்போது அப்பாவின் காணியில் நெல் போடுகிறேன். ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு விசுவமடு, தர்மபுரம் பெடியள் சிலர் கொப்பியோடு வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. தயாரிப்புத் துறைக்குப் பதிகிறவனுக்கு மட்டும்தான் படிப்பிக்கிறேன். புள்ளி போதாதவன் அடுத்த வருடம் எழுதட்டும்.