அந்த 1000 எங்கே போச்சு? மருந்து அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு

திருக்காட்டுப்பள்ளி பக்கம் வயசானவங்ககிட்ட நெல் அளவு கேட்டா, 12 மரக்கால் ஒரு கலம்னு சொல்லுவாங்க. 1958 அக்டோபர்ல மெட்ரிக் எடை வந்த பிறகு கிலோ, கிராம்னு நம்ம கணக்கு எல்லாம் 1000-ல முடிஞ்சிடுது. சுலபம்தான். ஆனா பரீட்சையில அந்த 1000 தவறினா மார்க்தான் போகும்; மருந்துல தவறினா உயிருக்கே ஆபத்து.

முதல்ல இதை மனசுல வச்சுக்கோங்க:

1 கிராம் = 1000 மில்லிகிராம்
1 மில்லிகிராம் = 1000 மைக்ரோகிராம்

சின்ன யூனிட்டுக்குப் போனா பெருக்கணும், எண் பெருசாகும். பெரிய யூனிட்டுக்குப் போனா வகுக்கணும், எண் சின்னதாகும்.

உதாரணம் 1: தைராய்டு மாத்திரை லெவோதைராக்சின். சீட்டுல 0.05 மில்லிகிராம், அட்டையில 50 மைக்ரோகிராம். மருந்து மாறிடுச்சோன்னு பயப்பட வேண்டாம். 0.05 × 1000 = 50. ரெண்டும் ஒண்ணுதான். அட்டையில 'எம்சிஜி'ன்னா மைக்ரோகிராம், 'எம்ஜி'ன்னா மில்லிகிராம். நடுவுல இருக்கிற அந்த ஒரு 'சி'க்கு 1000 மடங்கு வித்தியாசம்.

உதாரணம் 2: குழந்தைக்குக் காய்ச்சல், எடை 12 கிலோ. டாக்டர் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் சொல்லியிருக்கார்னு வைங்க. 12 × 15 = 180 மில்லிகிராம். இதை எத்தனை மில்லியா ஊத்தணும்? பாட்டிலைப் பார்க்காம சொல்ல முடியாது.

5 மில்லியில 120 மில்லிகிராம் இருக்கிற சிரப்: 180 ÷ 120 × 5 = 7.5 மில்லி.
5 மில்லியில 250 மில்லிகிராம் இருக்கிற சிரப்: 180 ÷ 250 × 5 = 3.6 மில்லி.

ரெண்டாவது பாட்டிலை வாங்கிட்டுப் பழைய பழக்கத்துல 7.5 மில்லி கொடுத்தா, உள்ளே போறது 375 மில்லிகிராம். ரெண்டு மடங்குக்கும் மேல! அதனால 'போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்'ங்கிறது கணக்கே இல்ல. ஸ்பூன், பாலாடை எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். கோடு போட்ட மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோ எடுங்க.

எழுதும்போது ரெண்டு விதி. .5-னு எழுதாதீங்க, 0.5-னு எழுதுங்க. 5.0 வேண்டாம், 5 போதும். புள்ளி மங்கினா முதல்ல சொன்னது 5 ஆகும், ரெண்டாவது 50 ஆகும். ரெண்டுமே பத்து மடங்கு.

எவ்வளவு மருந்துன்னு முடிவு பண்றது டாக்டர். சீட்டும் அட்டையும் ஒத்துப் போகுதான்னு பார்க்கிறது நம்ம வேலை. ஒத்துப் போகலைன்னா கொடுக்காம, மருந்துக் கடையிலயோ டாக்டர்கிட்டயோ கேளுங்க.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு: இதய மருந்து டிகாக்சின் 0.25 மில்லிகிராம்னா எத்தனை மைக்ரோகிராம்? 250 வந்தா சரி. 25-ஓ 2500-ஓ வந்தா, புள்ளியை எங்கே விட்டீங்கன்னு திரும்பப் பாருங்க.