ஒரு ஒயர் கிளப்பிய புயல்



எங்க அண்ணன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். செய்முறைத் தேர்வுக்காக இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வீட்டிலேயே ஒரு சுவிட்சில் இணைத்து வைத்திருந்தான். (லைட் போடுற சுவிட்ச் இல்லீங்க, எட்டுத் துளை உள்ள சின்னப் பெட்டி.) அது நண்பனிடம் இரவல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டும்போது ஒரு ஒயர் முனை தொங்கியது. பாவமே என்று காலியான துளையில் சொருகிவிட்டேன். அதன் மறுமுனையும் அதே பெட்டியில் இருந்ததை நான் கவனிக்கலை.

கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் படபடவென்று துடித்தன. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் கரண்டை நிறுத்திப் போட்டான். மறுபடியும் அதே கதை. "சுவிட்ச் போச்சு. பரீட்சை ஃபீஸ்ல புதுசு வாங்கித்தான் குடுக்கணும்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் சட்டையை மாட்டும்போதுதான் வாய் திறந்தேன். "நான் ஒரு ஒயரைச் சொருகினேண்ணா."

பிடுங்கினான். உடனே விளக்குகள் அடங்கின. அடி விழும் என்று நினைத்தேன், சிரித்தான். "இதான் பிராட்காஸ்ட் புயல். புத்தகத்துல மட்டுந்தான் படிச்சிருக்கேன்!"

ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றைத் தேடும்போது, "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோரையும் கேட்கும். வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைக்கும் சுவிட்ச் அதை அனுப்பும், நம் சுற்றறிக்கை எல்லா வகுப்புக்கும் போவது போல. சுற்றறிக்கையில் டீச்சர் கையெழுத்துப் போட்டால் திரும்ப வராது. இதில் கையெழுத்தே கிடையாது. ஒயரின் ஒரு முனையில் போனது மறுமுனையில் திரும்பி வரும், சுவிட்ச் புதுசு என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும். ஈதர்நெட் பிரேமுக்கு அது இல்லை. 100 மெகாபிட் ஒயரில் சின்ன பிரேம்கள் வினாடிக்கு ஏறக்குறைய 1,48,800 போகலாம். வேறு எதுக்கு இடமிருக்கும்?

பிறகு வேண்டுமென்றே சொருகிப் பார்த்தோம். கேள்வி கேட்ட கம்ப்யூட்டரையே கழற்றிவிட்டோம். அப்பவும் புயல் நிற்கலை! ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் விளக்கு அடங்குகிறது என்று பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி.

இந்தச் சுற்றைத் தானாகவே அறுக்கும் முறையை 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர் உருவாக்கினார். பெயர் ஸ்பானிங் ட்ரீ. அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார்! பெரிய சுவிட்சுகளில் அது இருக்கும். எங்கள் இரவல் பெட்டியில் இல்லை. அதனால் அந்த ஒயரின் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிவிட்டோம்.

— 9ஆம் வகுப்பு மாணவி