ஏற்றத்தில் சூடாகும் வேன்

கேள்வி: என்னுடையது பழைய ஹைஏஸ் டீசல் வேன். கண்டிக்கு ஹயர் போனால், மஹியங்கனை தாண்டி 18 வளைவில் சூட்டு முள் ஏறிவிடுகிறது. எஞ்சின் விசிறியைக் கழற்றி மின்விசிறி பூட்டலாமா?
– வாசகர், கல்முனைக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆள் நிறைந்த டீசல் வேன் ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது எஞ்சின் விசிறி இழுக்கிற காற்றைச் சாதாரண மின்விசிறி இழுக்காது. அது நன்றாக உதவுவது பஸார் நெரிசலில் நிற்கும்போதுதான்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, அது ஆறியபின் விசிறியைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுழன்றுகொண்டே போனால், நடுவிலுள்ள கப்ளிங்கில் சிலிக்கோன் எண்ணெய் தீர்ந்துவிட்டது. மைய அச்சைச் சுற்றி கறுத்த எண்ணெய்ப் பிசுக்கும் தெரியும். கப்ளிங்கை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

அடுத்தது றேடியேற்றர். கடற்காற்றில் அதன் தகடுகள் அரித்து உதிரும். கிணற்று நீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். கழற்றிக் கழுவி, கூலன்ட் ஊற்றுங்கள்.

இதற்குப் பிறகும் மின்விசிறி வேண்டுமென்றால், பழைய விசிறியோடு கூடுதலாகப் பூட்டுங்கள். 20 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது என்பதால் தனி ரிலேயும் பியூஸும் தடித்த வயரும் கட்டாயம். அல்டர்னேற்றர் தாங்குமா என்றும் பாருங்கள். வெப்பச் சுவிட்ச் வையுங்கள். கையால் போடும் சுவிட்சை மறந்தால் ஹெட் கஸ்கட் போய்விடும்.

சூடான எஞ்சினில் றேடியேற்றர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.